போன் பேட்டியைப் பதிவு செய்ய: ரெக்கார்டரா, ஒயரா, மிக்ஸரா?

14 ஜூன் 2025

வாசகர் ஒருவர் கேட்டது, அப்படியே: "மீட்டர்கேஜ் காலத்து ரயில்வே ஆட்களைப் பேட்டி எடுத்து பாட்காஸ்ட் போடலாம் என்று இருக்கிறேன். டிரைவர், ஃபயர்மேன், ஸ்டேஷன் மாஸ்டர், கேங்மேன். எல்லாருக்கும் எழுபது, எண்பது வயது. பாதிப் பேரிடம் பட்டன் போன்தான். ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் பதிவு செய்து பார்த்தேன். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க்குள் நல்ல ரெக்கார்டர் எது?"

14 ஜூன், இரவு

ரெக்கார்டரை அப்புறம் பார்ப்போம். பழைய போன் லைனில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3400-க்கு மேலேயும் உருப்படியாக ஒன்றும் வராது. ஒலியை நொடிக்கு 8000 துண்டாக அளக்கிற காலத்து ஏற்பாடு அது. அந்தப் பக்கம் ஆள் எவ்வளவு கணீரென்று பேசினாலும் உங்கள் காதுக்கு வந்து சேர்வது இவ்வளவுதான். அதைப் போய் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பிடித்தால் கோப்பு பெரிதாகும், குரல் அதேதான்.

இரண்டு பக்கமும் வோல்டிஇ, அதாவது 4ஜி வழியாகவே போகிற அழைப்பாக இருந்து, நடுவில் உள்ள நெட்வொர்க்கும் ஒத்துழைத்தால் 50 முதல் 7000 வரை வரும். அப்படி வந்தால் முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும். ஸ், ஷ், ஃப் எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். சாதாரண லைனில் "பாஸ்" என்கிறாரா "பாஷ்" என்கிறாரா என்று ஊகிக்கத்தான் வேண்டும்.

ஆக, அவர் குரலுக்காகக் காசு செலவழிக்க வழி அதிகம் இல்லை. உங்கள் கையில் இருப்பது, உங்கள் குரல் சுத்தமாக இருப்பதும் இரண்டு குரலும் தனித்தனி டிராக்கில் விழுவதும். இரண்டாவதுதான் முக்கியம். பெரியவர் கதையின் உச்சத்தில் இருக்கும்போது நீங்கள் இருமுவீர்கள். நீங்கள் கேள்வி கேட்கும்போது அவர் வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். ஒரே டிராக்கில் இருந்தால் இரண்டையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

15 ஜூன்

ஸ்பீக்கர் ஏன் கிணறாகிறது என்று ஒருவர் கேட்டார். பாதிக் காரணம் உங்கள் அறைச் சுவர். மீதி போனே செய்கிற வேலை. ஸ்பீக்கரில் போட்டதும் எதிரொலியை அடக்க, நீங்கள் வாயைத் திறக்கும்போதெல்லாம் போன் அவர் குரலைக் குறைக்கும். இரண்டு பேரும் சேர்ந்து பேசினால் ஒருவர் காணாமல் போவார். இதை எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஸ்பீக்கர் வேண்டாம், அவ்வளவுதான். அவரையும் ஸ்பீக்கரில் போட விடாதீர்கள். பேரப்பிள்ளைகள் "தாத்தா, ஸ்பீக்கர்ல போடு" என்று ஓடி வருவார்கள், அன்பாகத் துரத்துங்கள்.

15 ஜூன்

"போனிலேயே ரெக்கார்ட் பட்டன் இருக்கிறதே?"

இருக்கிறது, சில போன்களில். ஆண்ட்ராய்டில் 2018-ல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்தே கூகுள் மூன்றாம் தரப்பு ஆப்களுக்குக் கதவைச் சாத்திக்கொண்டே வந்தது. கடைசியாகத் திறந்திருந்த, மாற்றுத்திறனாளிகளுக்கான அக்சஸிபிலிட்டி வசதி என்ற ஜன்னலையும் 2022 மே மாதம் ப்ளே ஸ்டோர் விதியில் மூடிவிட்டது. இப்போது போன் கம்பெனி தன் டயலரிலேயே வைத்திருந்தால்தான் உண்டு. கூகுள் டயலர் என்றால் "அழைப்பு பதிவாகிறது" என்று ஒரு குரல் அறிவிக்கும். ஐபோனில் ஐஓஎஸ் 18.1-லிருந்து வசதி வந்தது, அதிலும் அறிவிப்பு உண்டு, கோப்பு நோட்ஸில் போய் உட்காரும்.

அவசரத்துக்கு நல்லது. ஆனால் பெரும்பாலும் இரண்டு குரலும் ஒரே மோனோவில் கலந்துதான் கிடைக்கும். அதைவிட மோசம், உங்கள் குரலும் போன் குரலாகிவிடும். நடத்துகிறவர் குரலாவது பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தால்தான் கேட்கிறவர் நாற்பது நிமிடம் தாங்குவார்.

17 ஜூன்

காதில் செருகும் மைக் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒலிம்பஸ் டிபி-8 என்று ஒன்று. இயர்போன் மாதிரி இருக்கும், ஆனால் அது மைக். காதில் செருகி, அதன் மேல் போனை வைத்துப் பேச வேண்டும். ஒயரின் மறுமுனை ரெக்கார்டரின் மைக் சாக்கெட்டில். போனோடு மின் தொடர்பே கிடையாது என்பதால் பட்டன் போன், லேண்ட்லைன், வாட்ஸ்அப் கால் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். பத்திரிகைக்காரர்கள் பல வருடமாக வைத்திருக்கிற சாமான்.

என் பையிலும் ஒன்று கிடக்கிறது. எழுதுவதற்காக எடுக்கிற பேட்டிக்குப் பிரமாதம். ஒலிபரப்ப என்றால் யோசிப்பேன், ஏனென்றால் இரண்டு குரலும் ஒரே மைக்கில் விழுகிறது. போனைக் காதில் கொஞ்சம் நகர்த்தினால் எதிராளி தூரப் போய்விடுவார்.

ரிசீவரில் ஒட்டுகிற ரப்பர் காயில் இன்னும் விற்கிறார்கள். பழைய ரிசீவரின் காந்தப்புலத்தைப் பிடிக்கிற சுருள் அது. டியூப்லைட் சோக்கு, சார்ஜர் என்று அறையில் உள்ள காந்தப்புலத்தை எல்லாம் சேர்த்துப் பிடிக்கும். வேண்டாம்.

20 ஜூன்

சரி, ஒயருக்கு வருவோம். ஒலிப்பதிவுக்காரர்கள் "மிக்ஸ்-மைனஸ்" என்று ஒன்று சொல்வார்கள். மிக்ஸரில் எல்லாக் குரலும் சேரும், போனுக்குத் திருப்பி அனுப்பும்போது போனில் வந்த குரலை மட்டும் கழித்து அனுப்ப வேண்டும். கழிக்காவிட்டால் பெரியவருக்கு அவர் குரலே கொஞ்சம் தாமதமாகத் திரும்பக் கேட்கும், இரண்டு வாக்கியத்தில் பேச்சு குழறிவிடும். ஆக்ஸ் சென்ட் (வேண்டிய சேனலை மட்டும் தனியாக வெளியே அனுப்பும் வழி) உள்ள பெஹ்ரிங்கர் ஸெனிக்ஸ் 802 மாதிரி சின்ன மிக்ஸரிலேயே இதைச் செய்யலாம்: மைக் சேனலில் ஆக்ஸைத் திறந்து, போன் சேனலில் மூடி, ஆக்ஸ் சென்டைப் போனுக்கு அனுப்புவது.

ஆனால் தனியாக உட்கார்ந்து ஒரே ஒருவரைப் பேட்டி எடுக்கிறவருக்கு மிக்ஸ்-மைனஸே தேவையில்லை. நான் கூத்துக் கலைஞர்களோடு பேசியதெல்லாம் இரண்டு மைக் வைத்துத்தான். வாய்க்கு முன்னால் நல்ல மைக், அது ரெக்கார்டருக்கு. சட்டைக் காலரில் மலிவான கிளிப் மைக், அது போனுக்கு. போனிலிருந்து வரும் குரல் மட்டும் ஒயர் வழியாக ரெக்கார்டருக்கு வரும். ரெக்கார்டரிலிருந்து போனுக்கு எந்த ஒயரும் போவதில்லை. அப்புறம் எப்படி அவர் குரல் அவருக்கே திரும்பும்?

வேண்டியது ஒரு பிரிப்பான் கேபிள். ஒரு முனையில் நான்கு பகுதியாகப் பிரிந்த 3.5 மில்லிமீட்டர் பின், மறுமுனையில் மைக்குக்கு ஒன்று, ஹெட்போனுக்கு ஒன்று என இரண்டு சாக்கெட். மைக் சாக்கெட்டில் கிளிப் மைக். ஹெட்போன் சாக்கெட்டிலிருந்து ரெக்கார்டருக்கு ஒயர். நீங்கள் கேட்பது ரெக்கார்டரின் ஹெட்போனில். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கும்போது போனில் செருகிப் பேசிப் பாருங்கள். அந்தப் பகுதிகளின் வரிசையில் சிடிஐஏ, ஓஎம்டிபி என்று இரண்டு மரபு உண்டு, கிரவுண்டும் மைக்கும் இடம் மாறியிருக்கும். இப்போதைய போன்கள் ஏறக்குறைய எல்லாம் முதல் வகை, மலிவுக் கேபிளில் எது வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது.

21 ஜூன்

என் போனில் 3.5 சாக்கெட்டே இல்லை என்று மூன்று பேர். ஆப்பிள் 2016-ல் எடுத்துவிட்டது, பலரும் பின்னாலேயே போனார்கள். டைப்-சி மாற்றி வாங்கலாம், ஆனால் அழைப்பின்போது மைக்கும் வேலை செய்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாட்டு கேட்க மட்டும் உதவுகிற மாற்றிகள்தான் சந்தையில் நிறைய. எனக்குப் பிடித்த வழி வேறு. சாக்கெட் உள்ள பழைய போன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, தனி சிம் ஒன்றை அதில் போட்டுவிடுவது. பேட்டி நடுவில் கடன் வேண்டுமா என்று கேட்கிற அழைப்பும் வராது.

21 ஜூன்

பழைய போன் என்றதும் ஒன்று. 2ஜியில் இருக்கிற போனை மைக் ஒயர் பக்கத்தில் வைத்தால் "டிக் டிகிடிக் டிகிடிக்" என்று ஒன்று பதிவாகும். நொடிக்கு 217 தடவை போன் விட்டு விட்டு அலை அனுப்புகிற சத்தம் அது. போனை ஒரு முழமாவது தள்ளி வையுங்கள், செட்டிங்கில் 4ஜியாக்குங்கள்.

24 ஜூன்

கேள்வி கேட்டவரின் பத்தாயிரத்துக்கு என் பதில்: லேப்டாப் இருக்கிறது என்றால் இரண்டு உள்ளீடு உள்ள சின்ன யுஎஸ்பி இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கையும் ஒயரையும் லேப்டாப்போடு இணைக்கிற பெட்டி. பெஹ்ரிங்கர் யூஎம்2 போதும். அதோடு எக்ஸ்எம்8500 மாதிரி ஒரு டைனமிக் மைக், பிரிப்பான் கேபிள், கிளிப் மைக். கடைக்குக் கடை விலை மாறும், ஆனாலும் அடங்கிவிடும். ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் ஸ்டீரியோவாகப் பதிவு செய்தால் இடது பக்கம் நீங்கள், வலது பக்கம் அவர். முடிந்ததும் ஸ்டீரியோவைப் பிரித்து இரண்டு மோனோவாக்கிக்கொள்ளலாம்.

டைனமிக் மைக் ஏன் என்றால், நம் வீடுகளில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார முடியாது. கண்டென்சர் மைக் விசிறியையும் பக்கத்துத் தெரு காய்கறி வண்டியையும் சேர்த்தே கேட்கும். டைனமிக்கை வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் வைத்தால் மற்றது பின்னால் போய்விடும்.

29 ஜூன்

எல்லாம் சரியாகச் செருகியும் போன் டிராக்கில் சத்தமே இல்லை என்று வேறொரு வாசகர், கையில் நல்ல ரெக்கார்டர் வைத்திருக்கிறவர், எழுதினார். படம் அனுப்பச் சொன்னேன். இரண்டு முனையும் ஸ்டீரியோ பின் உள்ள ஒயர். ஒரு பக்கம் 3.5, மறுபக்கம் 6.35, அதை ரெக்கார்டரின் பேலன்ஸ்டு உள்ளீட்டில் செருகியிருக்கிறார். அந்த உள்ளீடு முதல் இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். போன் அழைப்பில் இடதும் வலதும் ஒரே குரல். ஒன்றிலிருந்து அதையே கழித்தால் பூஜ்யம். லேசாக உஸ்ஸென்று மட்டும் கேட்கும், ரெக்கார்டர் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவோம்.

ஒரு ஸ்டீரியோ 3.5 பின்னிலிருந்து இரண்டு மோனோ 6.35 பின்னாகப் பிரிகிற ஒயர் வாங்கி, ஒன்றை மட்டும் செருகினால் தீர்ந்தது. இன்னொன்றை டேப் சுற்றி விட்டுவிடுங்கள்.

2 ஜூலை

இரண்டு மைக் முறையில் ஒரு திருத்தம். "தனித்தனி டிராக்" என்று சொன்னது முழுக்க உண்மை இல்லை. பேசுகிறவருக்குத் தன் குரல் கேட்கட்டும் என்று போனே அதைக் கொஞ்சம் இயர்போனுக்கு அனுப்பும். அதனால் போன் டிராக்கில் உங்கள் குரலும் மெலிதாக விழும். எடிட் செய்யும்போது நீங்கள் பேசுகிற இடங்களில் போன் டிராக்கை மூடிவிட்டால் போதும். இரண்டு பேரும் சேர்ந்து பேசுகிற இடத்தில் மட்டும் உங்கள் குரல் கொஞ்சம் தகரமாகும். யாரும் கவனிப்பதில்லை.

5 ஜூலை

ஹம், அதாவது விடாமல் ஓடும் உறுமல் வருகிறது என்று நாலைந்து பேர். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். போன் சார்ஜரையும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஹம் 50, 100, 150 என்று அடுக்கடுக்காக வரும், அதில் பாதி மனிதக் குரலின் மேலேயே உட்காரும். பிறகு வடிகட்டுவதைவிட பேட்டரியில் ஓட்டுவது மேல்.

9 ஜூலை

"இவ்வளவு ஒயர் எதற்கு, ஜூம் பாட்ட்ராக் பி4 வாங்கினால் போதாதா?"

போதும். பட்ஜெட்டைக் கேட்காமல் சொல்வதென்றால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பேன். 2020-ல் வந்த பெட்டி. நான்கு மைக் சாக்கெட், போனுக்குத் தனியாக நான்கு பகுதி பின்னுக்கான ஒரு சாக்கெட், மிக்ஸ்-மைனஸை அதுவே பார்த்துக்கொள்ளும், ஒவ்வொரு குரலும் தனிக் கோப்பாக மெமரி கார்டில் விழும், இரண்டு டபுள்-ஏ பேட்டரியில் ஓடும். ரோட்காஸ்டர் என்ற பாட்காஸ்ட் மிக்ஸர் இன்னும் பெரிய இடம், ப்ளூடூத்திலேயே போனைச் சேர்க்கலாம். மேசையில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து, போனில் ஒருவர் சேர்கிற நிகழ்ச்சி என்றால் இவை தேவை. ரயில்வே தாத்தா ஒருவர், நீங்கள் ஒருவர் என்றால் இரண்டு மைக் முறை அதே பலனைத் தரும்.

13 ஜூலை

போனே வேண்டாம், ரிவர்சைட், ஜென்காஸ்டர் மாதிரி இணையதளத்தில் செய்யுங்கள், அவரவர் கருவியிலேயே பதிவாகி மேலே ஏறும் என்கிறார் ஒருவர். நெட்டும் லேப்டாப்பும் உள்ள விருந்தினருக்கு அதுதான் சரி, சண்டைக்கு வரவில்லை. பட்டன் போன் வைத்திருக்கிற ஃபயர்மேனிடம் லிங்க் அனுப்ப முடியாது.

ஆனால் அந்த யோசனையின் சாரத்தைக் கடன் வாங்கலாம். வீட்டில் மகனோ பேத்தியோ ஸ்மார்ட்போன் வைத்திருப்பார்கள். அதில் இருக்கிற சாதா வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, தாத்தாவின் மோவாய்க்குக் கீழே, சட்டைப் பையில் மைக் மேலே பார்க்கிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். அவர் தன் போனில் வழக்கம்போலப் பேசட்டும். முடிந்ததும் கோப்பை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். மைக் படத்தை அழுத்தி அனுப்புகிற வாய்ஸ் நோட் வேண்டாம், அது நன்றாக நசுக்கப்பட்டு வரும்.

இரண்டு கருவியின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாது. பத்து லட்சத்தில் இருபது பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்ட் தள்ளிப்போகும். கை தட்டி அந்தச் சத்தத்தை வைத்து இரண்டு பதிவையும் சேர்ப்பதெல்லாம் நேரில் இருந்தால்தான். உங்களிடம் போன் டிராக் இருக்கிறதே, அதுதான் வழிகாட்டி. அதற்குப் பொருத்தமாகப் புதுக் கோப்பை வைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெட்டி நகர்த்திச் சேர்த்துவிட்டு, போன் டிராக்கை மூடிவிடுங்கள்.

14 ஜூலை

நேற்று சொல்ல விட்டுப்போனது. இந்த இரண்டாவது கோப்பு பேச்சைவிடப் பாட்டுக்குத்தான் உயிர். செல்போன் ஒலியைச் சுருக்கும் முறை மனிதப் பேச்சை மனதில் வைத்துக் கட்டியது, கூடவே ஒரே சீராக வரும் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்துப் போன் அமுக்கும். கூத்துக்காரர் ஒருவர் போனில் விருத்தம் பாடினார். ஆரம்பம் சரி. நீட்டிப் பிடித்த இடத்தில் குரல் தண்ணீருக்குள் போய்விட்டது, தாளத்துக்கு மேசையில் தட்டியது காணவே காணோம். ரயில்வேக்காரர்களிடம் இது நிச்சயம் வரும். ஒற்றைத் தடத்தில் ரயிலை அனுமதிக்கப் பயன்பட்ட நீல்ஸ் பால் டோக்கன் கருவியில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மணி அடித்துப் பேசிக்கொண்டதை எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் வாயால் சொல்லிவிட்டு விடமாட்டார், டம்ளரில் தட்டிக் காட்டுவார். போனில் அது போய்ச்சேராது.

18 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. ஊர்ப்பக்கம் அம்மன் கோவில் ரேடியோ செட் இருக்கிற தெருவில் காலையும் மாலையும் பேட்டி வைக்காதீர்கள். மதியம் இரண்டிலிருந்து நான்கு நல்ல நேரம், பெரியவர் தூங்காமல் இருந்தால்.

23 ஜூலை

சட்டம் பற்றிக் கேட்டவருக்கு. பேசுகிற இருவரில் ஒருவரே பதிவு செய்வதும், மூன்றாம் ஆள் ஒட்டுக்கேட்பதும் வேறு வேறு. ஒட்டுக்கேட்பது அந்தரங்க உரிமையில் கைவைப்பது என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் பியூசிஎல் என்ற சிவில் உரிமை அமைப்பின் வழக்கில் சொன்னது. 2017-ல் புட்டசாமி தீர்ப்பு அந்தரங்கத்தையே அடிப்படை உரிமை என்றது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாதிரி மாநிலங்களில் பேசுகிற எல்லாரும் சம்மதித்தால்தான் பதிவு செய்யலாம். ஓய்வுபெற்று அங்கே மகன் வீட்டுக்குப் போன ஸ்டேஷன் மாஸ்டர்களும் உண்டு, கவனம்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பதிவை ஓடவிட்டு, "ஐயா, இதை ரெக்கார்ட் பண்றேன், நெட்ல எல்லாரும் கேக்கற மாதிரி போடுவேன், சம்மதமா?" என்று கேளுங்கள். அவர் "ம்" என்றால் விடாதீர்கள், "சம்மதம்னு சொல்லுங்க ஐயா" என்று வாயால் சொல்ல வையுங்கள். அந்தத் துண்டைத் தனியாக எடுத்து வையுங்கள். ரெக்கார்ட் என்றதும் சிலர் மேடைப் பேச்சுக்கு மாறிவிடுவார்கள். பத்து நிமிடம் வேலைக்குச் சேர்ந்த நாள், முதல் சம்பளம் என்று பேசவிட்டால் இறங்கி வருவார்கள்.

30 ஜூலை

"ம்" கொட்டலாமா கூடாதா என்று ஒரு தகராறு. தனி டிராக் என்பதால் உங்கள் "ம்ம்", "அப்படியா" எல்லாவற்றையும் பிறகு வெட்டலாம். ஆனால் நீங்கள் "ம்ம்" என்னும் கணத்தில் சில போன்கள் அவர் குரலைக் கொஞ்சம் அமுக்கும், அதை வெட்டித் தீர்க்க முடியாது. அதனால் வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று புத்தகம் மாதிரி அறிவுரை சொல்லலாம். நம் ஆட்களிடம் நடக்காது. நீங்கள் சும்மா இருந்தால் இருபது விநாடிக்கு ஒருமுறை "அலோ? இருக்கீங்களா? லைன் கட்டாயிருச்சா?" என்று நிறுத்துவார். நான் இப்போது வாக்கிய முடிவில் மட்டும் "சொல்லுங்க" என்கிறேன். இடையில் கொட்டும் "ம்"மைவிட இது குறைவாகவே இடிக்கிறது.

6 ஆகஸ்ட்

எடிட்டிங். சாதாரண லைன் என்றால் போன் டிராக்கில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், அங்கே குரல் இல்லை, உறுமல்தான். மேலே இல்லாததை ஈக்வலைசரில் ஏற்றிப் பார்க்காதீர்கள், வருவது கரகரப்பு. இரண்டு குரலும் காதுக்குச் சமமாகக் கேட்கிறதா என்று பாருங்கள், மீட்டரில் சமமாக இருந்தாலும் போன் குரல் குறுகலாக இருப்பதால் உரத்துக் கேட்கும். மொத்தத்தையும் ஸ்டீரியோ என்றால் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அளவு), மோனோ என்றால் மைனஸ் 19 பக்கம் கொண்டுவந்தால் மற்ற பாட்காஸ்ட்களோடு ஒத்துப்போகும்.

ஏஐ வைத்துக் குரலை மெருகேற்றும் கருவிகளைப் பற்றிக் கேட்டார்கள். கேட்க ஸ்டுடியோ மாதிரி ஆகும், உண்மைதான். போனில் வராத ஒலியை அது ஊகித்து நிரப்புகிறது. அன்றாடப் பேச்சில் ஊகம் பெரும்பாலும் சரியாக விழும். ஊர்ப்பெயர், இன்ஜின் வகை, வட்டாரச் சொல் வரும் இடத்தில் தெளிவாக, அழுத்தமாக, தப்பாகச் சொல்லும். வாய்மொழி வரலாறு எடுக்கிறவர் இதைத் தொடக்கூடாது என்பது என் கட்சி. விளம்பரத்துக்குத் துண்டு போடும்போது வேண்டுமானால் பயன்படுத்துங்கள்.

17 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் யூஎம்2 வாங்கி முதல் பேட்டியை எடுத்துவிட்டார். துண்டு அனுப்பியிருந்தார், கேட்டேன். அவர் குரல் அருமை. டிரைவர் ஐயா குரல் போன் குரல்தான், ஆனால் ஒரு எழுத்து விடாமல் புரிகிறது. பின்னணியில் யாரோ தேங்காய் உடைக்கிறார்கள், அது இருக்கட்டும், எடுக்க வேண்டாம்.

அடுத்து அவர் கேட்பது லேண்ட்லைன். சில ஸ்டேஷன் மாஸ்டர்களிடம் அது மட்டும்தான் உண்டாம். அவர்கள் லேண்ட்லைனில் பேசினால் உங்களுக்கு எதுவும் மாறாது, நீங்கள் செல்போனிலேயே கூப்பிடலாம், குரல் 3400-க்குள் அடங்கும் அவ்வளவுதான். உங்கள் பக்கமே லேண்ட்லைன் என்றால் மட்டும், சுவரிலிருந்து வரும் ஒயரை நேராக இன்டர்ஃபேஸில் செருகிவிடாதீர்கள். அதில் சும்மா இருக்கும்போதே 48 வோல்ட் டிசி நிற்கும், மணி அடிக்கும்போது அதைவிட அதிகமாக ஏசி வரும், யூஎம்2 அன்றோடு சரி. ரிசீவரின் சுருள் ஒயரில் இடையில் செருகுகிற டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் மேலே சொன்ன டிபி-8 இருக்கவே இருக்கிறது.